லால்குடியிலிருந்து ஒரு லண்டன் வாத்தியார்!

‘‘எந்த ஊர்னு யாராவது கேட்டா, லண்டன்னு சொல்லிடுங்க!’’

பாங்காக்கில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஏஜென்ஸி அம்மணி எனக்குக் கொடுத்த மொத்தப் பயிற்சியும் இவ்வளவுதான்.

‘‘லண்டனா? மேடம், நான் லால்குடி!’’

‘‘அதனால என்ன? லண்டன்லயும் உங்க கலர்ல நிறைய பேர் இருக்காங்களே! பசங்க என்ன பாஸ்போர்ட்டா கேக்கப் போறாங்க?’’

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தாய்லாந்தில் நல்ல சேதி, கெட்ட சேதி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். எது எந்த ரகம் என்று புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, ‘எங்கயாவது ஃபாரின்ல போய் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரணும்டா’ என்று பெருமூச்சு விடும் ஆபீஸ் கோஷ்டியில் நானும் ஒருத்தன். சாஃப்ட்வேர் தெரியாது. மாமா, சித்தப்பா யாரும் அமெரிக்காவில் இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு எம்.ஏ. இங்கிலீஷ்.

வெள்ளைக்காரப் பசங்களைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு உலகம் சுற்றுவார்கள். காசு தீர்ந்தால் பாங்காக், ஹனோய், சியோல், ப்ராக் என்று ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, கொஞ்ச நாள் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, சேர்ந்த காசில் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ‘அவனுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் நமக்குத் தெரியாதா?’ என்று ரோஷம் வந்துவிட்டது எனக்கு. 120 மணி நேர டெஃபல் சர்ட்டிபிகேட் ஒன்றை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்தேன். 2016 மே மாதம், தாய்லாந்தில் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் பார்த்துப் போய் இறங்கிவிட்டேன்.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அங்கே விலை இங்கிலீஷுக்கு இல்லை, மூஞ்சிக்கு!

வெள்ளைக்காரனை தாய் மொழியில் ‘ஃபராங்’ என்கிறார்கள். நம்ம ஊர் ‘பறங்கி’க்கு உடன்பிறப்புதான். இதில் ஒரு வேடிக்கை. பறங்கி பேரில் நாம் ஒரு காய் வைத்திருக்கிறோம் அல்லவா? அவர்களும் வைத்திருக்கிறார்கள். அங்கே ‘ஃபராங்’ என்றால் கொய்யாக்காய்! நம்மைப் போன்றவர்களுக்கு வேறு பெயர். ‘கேக்’. விருந்தாளி என்று அர்த்தம். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால், சம்பளக் கவரைப் பிரித்தால் விருந்தாளிக்கு இலையில் பாதி அயிட்டம் வைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு 36,000 பாட். ஒன்பது வருஷ அனுபவமுள்ள பிலிப்பைன்ஸ் அக்காவுக்கு 18,000. லண்டன் வேஷம் கட்டிய லால்குடிக்கு 22,000. (அப்போது ஒரு பாட் ஏறக்குறைய இரண்டு ரூபாய்.)

அந்த இங்கிலாந்துக்காரர் தங்கமான மனுஷன். ஒரு நாள் காலையில் ரகசியமாக என் மேஜைக்கு வந்து, ‘‘இந்த ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’னா என்னப்பா? பாடத்துல வருது’’ என்று கேட்டார். பெஞ்சு மேலே ஏற்றிவிட்டு இலக்கணம் சொல்லிக்கொடுத்த என் லால்குடி வாத்தியாரை மனசுக்குள் கும்பிட்டுவிட்டு விளக்கினேன். ‘‘அட, இதுக்கெல்லாம் ரூல் இருக்கா? காதுக்கு சரியாப் பட்டா சரின்னு நெனச்சிட்டிருந்தேன்!’’ என்று போய்விட்டார். 36,000!

* * *

கிளம்பத் துடிக்கும் தம்பிகளுக்காக, என் மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ராம்கம்ஹேங் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் மலிவு வாடகை அறைகள் உண்டு. அப்படி ஓர் அறைக்கு 4,500. கரண்ட், தண்ணீர் 1,000. சாப்பாடு 6,000. போக்குவரத்து 1,800. போன் 500. சலவை 400. சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் 750. போக, மிச்சம் 7,050 பாட். ‘பரவாயில்லையே!’ என்று விரலை மடக்காதீர்கள். ஒப்பந்தம் பத்து மாதம்தான். மார்ச், ஏப்ரல் கோடை விடுமுறையில் சம்பளம் கிடையாது, வயிறு மட்டும் உண்டு!

ஆக, இந்த வேலையில் வெளிநாட்டில் வாழலாம். ஊரில் வீடு கட்ட முடியாது.

ஆனால் வாழலாம் என்றால், நிஜமாகவே வாழலாம் சார்! தினமும் ஸேன் ஸேப் கால்வாய்ப் படகில்தான் ஸ்கூலுக்குப் போவேன். பாங்காக் டிராஃபிக்கில் பஸ் தவம் இருக்கும்போது, இந்தப் படகு ஊரின் கொல்லைப்புறமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். கண்டக்டர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, படகின் வெளி விளிம்பில் தொற்றியபடியே டிக்கெட் கிழிப்பார்கள். பாலத்துக்கு பாலம் குனிய வேண்டும். எதிரே இன்னொரு படகு வந்தால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் சட்டென்று கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கால்வாயின் கறுப்புத் தண்ணீர் மொத்தக் கூட்டத்துக்கும் அபிஷேகம். முதல் நாள் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பாட்டி நனைந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாரே ஒரு சிரிப்பு... அது கெட்ட சேதி ரகம்.

காலை எட்டு மணிக்கு தேசிய கீதம். பள்ளியில் மட்டுமல்ல, ஸ்டேஷனில், பார்க்கில் நடந்துகொண்டிருப்பவர்களும் சிலையாக நின்றுவிடுவார்கள். அப்புறம் வகுப்பு.

என்னுடையது ‘ஸ்பெஷல்’ வகுப்பு. பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பிள்ளைகள் 28 பேர். ‘நேட்டிவ்’ வாத்தியார் வேண்டும் என்பதற்காகவே பெற்றோர் தனி ஃபீஸ் கட்டியிருந்தார்கள். நுழைந்ததும் எல்லோரும் எழுந்து, ‘குட்மார்னிங் டீச்ச்ச்சர்’ என்று நம்ம ஊர் ராகத்திலேயே பாடினார்கள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அட்டெண்டன்ஸ் எடுத்தபோது வேறு விதமாகத் தண்ணீர் வந்தது. தாய்லாந்துக்காரர்களுக்கு முழுப் பெயர் முழ நீளம். ஆகவே ஆளுக்கொரு செல்லப் பெயர். அது பெரும்பாலும் இங்கிலீஷ் வார்த்தை. பேங்க், பீர், பென்ஸ், ஐஸ், கோல்ஃப், பாஸ்... ‘‘பேங்க் ஏன் வரலை?’’ ‘‘பேங்க் லீவு, டீச்சர்!’’ ‘‘பீர், எழுந்து நில்லு. ஐஸ், நீ பீர் பக்கத்துல உட்காராதே!’’ பி.டி.ஏ. மீட்டிங்கில் கேட்டால் எனக்கு வேலை போயிருக்கும்.

தாய் மொழிதான் அவர்களுக்குத் தாய்மொழி. அதில் எந்த வார்த்தையும் ‘ல்’ என்றோ ‘ஸ்’ என்றோ முடியாது. ‘ல்’ வந்தால் ‘ன்’ ஆக்கிவிடுவார்கள். ‘ஸ்’ வந்தால் ‘ட்’. ஹோட்டல் ‘ஹோட்டென்’ ஆகிவிடும். ஃபுட்பால் ‘ஃபுட்போன்’. டென்னிஸ் ‘டென்னிட்’. நாம் யோக்கியமா? பஸ்ஸு, காரு, ஸ்கூலு என்று வார்த்தைக்கு வால் ஒட்டுகிறவர்கள் நாம். அவர்கள் வாலை நறுக்குகிறவர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. பிள்ளைகள் வாயையே திறக்கவில்லை. சேர்ந்து கத்தச் சொன்னால் கூரை பறக்கும். தனியாக ஒருத்தனை எழுப்பினால், தரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் திறந்தது. அந்த மே மாதம்தான் இங்கிலாந்து ஃபுட்பால் லீகில் லெஸ்டர் சிட்டி சாம்பியன் ஆகியிருந்தது. அந்த டீமின் முதலாளி தாய்லாந்துக்காரர். ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. பேங்க் எழுந்து, ‘‘டீச்சர்... லண்டன்... லெஸ்டர்... தூரமா?’’ என்றான்.

எனக்கு கிரிக்கெட் தவிர வேறு பந்து தெரியாது. ‘‘பக்கம்தான். பஸ்ல அரை மணி’’ என்று அடித்துவிட்டேன். ராத்திரி மேப்பைப் பார்த்தால், கிட்டத்தட்ட சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் உள்ள தூரம்! மறுநாள் பேங்க்கும் மேப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தான்.

* * *

இதற்கு நடுவே விசா படலம். நான் போயிருந்தது டூரிஸ்ட் விசாவில். ‘வேலையைத் தொடங்குங்க, பேப்பர் பின்னாடி வரும்’ என்றது ஏஜென்ஸி. அந்த இரண்டு வாரம் நான் செய்தது சுத்தமான சட்டமீறல். போலீஸ்காரர் தொப்பி தெரிந்தாலே வயிற்றைக் கலக்கும். பேப்பர் வந்ததும், அடுத்த நாடான லாவோஸுக்குப் போய் ‘நான்-இமிகிரன்ட் பி’ விசா வாங்கி வரச் சொன்னார்கள்.

ஹுவாலம்போங் ஸ்டேஷனில் ராத்திரி ரயில் ஏறினால், காலையில் நோங்காய். (1916ல் திறந்த அழகான ஸ்டேஷன் அது. 2023 ஜனவரியில் தூரப் பயண ரயில்களையெல்லாம் புது டெர்மினலுக்கு மாற்றிவிட்டார்கள்.) 1994ல் திறந்த நட்புப் பாலத்தில் மேகாங் நதியைக் கடந்தால், லாவோஸ் தலைநகர் வியன்டியன். தாய் தூதரக வாசலில் விடியற்காலையிலேயே நீளக் க்யூ. பாதிப் பேர் என் ஜாதி, அதாவது வாத்தியார் ஜாதி! கசங்கிய பேன்ட், கையில் பிளாஸ்டிக் ஃபைல். டை கட்டிய அறுபது வயசு வெள்ளைக்காரரிலிருந்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்து ஜெபம் செய்துகொண்டிருந்த மணிலா பெண் வரை எல்லோருக்கும் ஒரே முகக்களை. ‘கொடுப்பானா, மாட்டானா?’

ஃபாரத்தில் ‘நாடு’ என்று ஒரு கட்டம். அங்கே லண்டன் செல்லாது. ‘இந்தியா’ என்று எழுதினேன். மூன்று வாரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் விசா கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நீள ரொட்டியில் இறைச்சியும் மிளகாயும் அடைத்து விற்கிறார்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு, மேகாங் கரையில் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி தின்றேன். எதிர்க்கரையில் நான் வேலை பார்க்கும் நாடு. ஆபீஸ் டேபிளில் விட்ட பெருமூச்சுக்கெல்லாம் வட்டியோடு பதில் கிடைத்த சாயங்காலம் அது.

* * *

திரும்பி வந்த பிறகு ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ‘வாய் க்ரூ’ என்றார்கள். குரு வணக்கம்! ‘க்ரூ’ என்பது நம்ம ‘குரு’தான். வியாழனில் ஏன் வைக்கிறார்கள் தெரியுமா? வியாழக்கிழமைக்கு அவர்கள் பெயர் ‘பருஹத்’. நம்ம பிருஹஸ்பதி, தேவகுரு! லால்குடியில் தட்சிணாமூர்த்திக்கு கொண்டைக்கடலை மாலை போடுகிற அதே கிழமை.

மேடையில் வாத்தியார்கள் வரிசையாக நாற்காலியில். பிள்ளைகள் பாலி மொழியில் ஏதோ பாடிவிட்டு, தட்டுகளை ஏந்தி முட்டி போட்டே நகர்ந்து வந்தார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இட்லிப்பூ, கத்தரிப்பூ, அருகம்புல், நெல்பொரி! ஆடி வெள்ளிக்கு அம்மா வைக்கிற தாம்பாளம் விமானம் ஏறி வந்த மாதிரி இருந்தது. பிலிப்பைன்ஸ் அக்கா காதோடு அர்த்தம் சொன்னார். இட்லிப்பூ மொட்டு ஊசி மாதிரி, புத்தி கூர்மையாகணும். கத்தரிப்பூ தலைகுனிந்திருக்கும், பணிவு வரணும். அருகம்புல்லை மிதித்தாலும் படரும், படிப்பு அப்படி வளரணும். பொரிக்கு அர்த்தம் ஒழுக்கம்.

எனக்கு முன்னால் வந்தது பேங்க். என் காலடியில் குனிந்து கும்பிட்டு, தட்டை நீட்டினான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அதே சிரிப்பு.

கால் கூசியது சார். இவனிடம்தான் லெஸ்டர் அரை மணி தூரம் என்று சொன்னேன்.

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து 7,050ஐப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். விசா வேலையோடு கட்டியது. வேலை போனால், பெட்டியும் கட்ட வேண்டியதுதான். ஊரில் ‘ஃபாரின்ல இருக்கான்’ என்று அப்பா தெருமுனை டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்திருந்தார்.

மறுநாள் வகுப்பில் உலக மேப்பை மாட்டினேன். ‘‘நான் லண்டன் இல்லை. லண்டனைப் பார்த்ததுகூட இல்லை. என் ஊர் இந்தியாவில், இதோ, இந்தத் தெற்கு மூலை. என் மொழி தமிழ். உங்களை மாதிரியே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி இங்கிலீஷ் படிச்சவன்.’’

நிசப்தம். பேங்க் மெதுவாகக் கேட்டான். ‘‘டீச்சருக்கும்... இங்கிலீஷ்... கஷ்டமா?’’

‘‘ரொம்ப! உங்க வயசுல ‘ஸ்கூல்’ சொல்ல வராது. ‘இஸ்கூலு’ம்பேன்.’’

‘‘இஸ்கூலு!’’ என்றான் பேங்க். வகுப்பே சிரித்தது. பீர் எழுந்தான். ‘‘டீச்சர், நாங்க ‘சகூன்’!’’ ஐஸ், பென்ஸ், பாஸ் எல்லோரும் தங்களுக்கு வராத வார்த்தைகளைப் போட்டி போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்குத்தான் அந்த 28 வாயும் தனித்தனியாகத் திறந்தன. லண்டன் துரை முன்னால் தப்புச் செய்யப் பயந்த பிள்ளைகள், லால்குடிக்காரன் முன்னால் தாராளமாகச் செய்தார்கள். ‘ல்’லுக்கு நாக்கை எங்கே வைக்கணும் என்று இங்கிலாந்துக்காரருக்குச் சொல்லத் தெரியாது. யோசித்தே இருக்க மாட்டார். எனக்குத் தெரியும். வலித்த இடம் வலித்தவனுக்குத்தானே தெரியும்?

பத்தே நாள். ஏஜென்ஸி அம்மணி வந்தார். சிரித்தார். எந்த ரகம் என்று இந்த முறை உடனே புரிந்தது.

‘‘பெற்றோர் நேட்டிவ்வுக்குத்தானே காசு கட்டியிருக்காங்க...’’

ஸ்பெஷல் வகுப்பு போயிற்று. சாதாரண வகுப்பு, 48 பிள்ளைகள், மின்விசிறி, 18,000 பாட். ‘‘வெல்கம் ஸர்!’’ என்று கை கொடுத்தார் பிலிப்பைன்ஸ் அக்கா. உண்மையின் விலை மாதம் நாலாயிரம் பாட். கையில் மிச்சம் 3,050. எப்போதாவது ஆசைப்பட்டுச் சாப்பிட்ட மாம்பழ ஸ்டிக்கி ரைஸையும், சினிமாவையும் நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காசில்லாத பொழுதுபோக்காக நடக்க ஆரம்பித்தேன். ஸேன் ஸேப் படகில் கடைசி ஸ்டாப் வரை போய் இறங்கி நடந்தால், ராட்சத ஊஞ்சல். இருபது மீட்டருக்கு மேல் உயரமான சிவப்பு மரத்தூண்கள். மார்கழியில் நாம் பாடும் திருவெம்பாவையோடு தொடர்புள்ள விழாவில் அங்கே ஊஞ்சல் ஆடினார்கள். விபத்துகள் காரணமாக 1935ல் நிறுத்திவிட்டார்கள். சீலோம் சாலையில் நம்ம மாரியம்மன் கோயில். தாய்க்காரர்கள்தான் அதிகம், கையில் சாமந்தி மாலையோடு. மாலைக்கு அவர்கள் வார்த்தையும் ‘மாலை’தான்! ஆகஸ்டுக்கு ‘சிங்ஹாகோம்’, ஜனவரிக்கு ‘மகராகோம்’. ராசி பலன் படிக்கிற யாரும் அங்கே மாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஏப்ரல் நடுவில் நமக்கும் அவர்களுக்கும் ஒரே சமயத்தில் புத்தாண்டு.

* * *

போக நினைக்கும் தம்பிகளுக்கு மூன்று விஷயம்.

ஒன்று, டூரிஸ்டாகப் போய் இறங்கி வகுப்பு எடுக்காதீர்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள். முறையான விசா, அப்புறம் வொர்க் பர்மிட், அதில் அனுமதித்த வேலை மட்டும். சனிக்கிழமை டியூஷன்கூட பர்மிட்டுக்கு வெளியே என்றால் குற்றம்தான். பள்ளி வாத்தியாருக்கு ‘குருசபா’ அனுமதியும் வேண்டும். பெயரைப் பாருங்கள், குரு சபா!

இரண்டு, நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். தென்கொரியா மாதிரி இடங்களில் மொழி ஆசிரியர் விசாவே பொதுவாக ஏழு ‘நேட்டிவ்’ நாட்டுக்காரர்களுக்குத்தான். டிக்கெட் போடுவதற்கு முன்னால் விசாரியுங்கள்.

மூன்று, ‘தாய்லாந்தில் வேலை, லட்ச ரூபாய் சம்பளம், உடனே கிளம்பு’ என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் ஓடிவிடுங்கள். பாங்காக் போய் இறங்கியவர்களை மியான்மருக்குக் கடத்தி, கம்ப்யூட்டர் மோசடி வேலைக்கு அடைத்துவைத்த கொடுமை நடந்தது. நம்ம பையன்களும் சிக்கினார்கள். 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது.

* * *

2018 மார்ச்சில் கிளம்பினேன். சேமிப்பு? விமான டிக்கெட், அம்மாவுக்கு ஒரு பட்டுத்துணி, மூன்று மாசச் செலவுக்கான காசு. அவ்வளவுதான்.

கடைசி நாள் ஸ்கூல் வாசலில் பேங்க் நின்றான். ஓர் அடி வளர்ந்திருந்தான். கையில் பிளாஸ்டிக் பை. வெட்டிய கொய்யாக்காய், தனிப் பொட்டலத்தில் மிளகாய் உப்பு, குத்தித் தின்ன மூங்கில் குச்சி.

‘‘டீச்சர், ஃபராங்!’’ என்று நீட்டினான்.

‘‘எதுக்குடா?’’

‘‘டீச்சர் ஃபராங் இல்லைல்ல... அதான் வாங்கிட்டு வந்தேன். ஐ வில்ல்ல் மிஸ்ஸ்ஸ் யூ!’’

‘ல்’லும் ‘ஸ்’ஸும் வாலோடு அப்படியே முழுசாக வந்தன.